ஃபயர்பாலுக்கு எத்தனை யூனிட்?

ஒரு மந்திரவாதி கையை நீட்டுறார். நாலு வார்த்தை முணுமுணுக்கிறார். எதிர்ல நின்ன பத்து பேரும் ஒரே நெருப்பு உருண்டையில காலி! ஓகே, இப்ப கேள்வி. அந்த மந்திரவாதி முதுகுல ஒரு ஈ.பி. மீட்டர் மாட்டியிருந்தா, எத்தனை யூனிட் ஓடியிருக்கும்?

சிரிக்காதீங்க பாஸ், சீரியஸாத்தான் கேக்கிறேன். இன்ஜினீயரிங் பையன் கையில பகடையையும் கால்குலேட்டரையும் ஒண்ணா குடுத்தா இப்படித்தான் ஆகும். ஸோ, இந்த வாரம் நம்ம பக்கத்துல சினிமா, கிரிக்கெட், கேம்பஸ் இன்டர்வியூ எல்லாத்துக்கும் லீவு. மந்திரத்துக்கு பில் போடப் போறோம்!

தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி இன்ட்ரோ. ரோல் பிளேயிங் கேம்னா, நாலஞ்சு பேர் ஒரு மேஜையைச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு கேரக்டரா மாறி, பேசிப் பேசியே விளையாடுற ஆட்டம். ஒருத்தர் மட்டும் டன்ஜன் மாஸ்டர். கதை, ஊரு, பேய், பிசாசு எல்லாம் அவர் கன்ட்ரோல். நாம 'நான் கதவை உடைக்கிறேன்'னு சொன்னா, உடைஞ்சுதா இல்லையானு பகடை சொல்லும். இதுக்கெல்லாம் தாத்தா, 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சுருக்கமா டி அண்ட் டி. கம்ப்யூட்டர்ல 'டயாப்லோ' விளையாடியிருக்கீங்களா? அதுல ஸ்கிரீனுக்குக் கீழே சிவப்பா ஒரு உருண்டை, நீலமா ஒரு உருண்டை இருக்குமே... சிவப்பு உயிர், நீலம் மானா. மந்திரம் போடப் போட நீலம் குறையும். பெட்ரோல் டேங்க் மாதிரி!

இந்த 'மானா' கேம் கம்பெனிக்காரங்க உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிச்ச வார்த்தை இல்ல. பசிபிக் தீவு மக்களோட மொழிகள்ல இருக்கிறது. மனுஷன்கிட்டயும் பொருள்கள்கிட்டயும் தங்குற கண்ணுக்குத் தெரியாத சக்தினு அவங்க சொன்னதை, காட்ரிங்டன்ங்கிற ஆங்கிலேயப் பாதிரியார் 1891-ல 'தி மெலனீசியன்ஸ்'ங்கிற புத்தகத்துல எழுதினார். வெளியுலகம் அப்பதான் கவனிச்சுது. அங்கேருந்து நம்ம நீல உருண்டைக்கு வந்து சேர்ந்த கதை தனி. அதுக்குக் கொஞ்ச நேரத்துல வர்றேன்.

முதல்ல ஃபயர்பால்.

டி அண்ட் டி புத்தகப்படி ஃபயர்பால் 20 அடி ஆரம் உள்ள கோளம். ஃபார்முலா போட்டா சுமார் 33,500 கன அடி. 10-க்கு 10 ஹாஸ்டல் ரூம், உயரமும் 10 அடினு வெச்சா, 33 ரூம்! ஒரு ஃப்ளோரே காலி. மீட்டர்ல சொன்னா சுமார் 950 கன மீட்டர். அதுல இருக்கிற காத்து மட்டுமே 1,140 கிலோ. (ஆமா, காத்துக்கும் வெயிட் உண்டு. ஒரு டன்னுக்கு மேல!)

சரி, சூடு எவ்வளவு? அதுக்கும் புத்தகத்துலயே க்ளூ இருக்கு. 2003-ல வந்த மூன்றரையாம் பதிப்புல, இந்த நெருப்பு தங்கம், செம்பு, வெள்ளியை எல்லாம் உருக்கும்னு போட்டிருக்காங்க. செம்பு உருகுறது 1,085 டிகிரி செல்சியஸ்ல. அப்போ அறைக்குள்ள இருக்கிற அத்தனை காத்தும் குறைஞ்சது அந்தச் சூட்டுக்கு வரணும். 25 டிகிரியிலேருந்து 1,085-க்கு 1,060 டிகிரி ஏத்தணும். காத்தோட ஸ்பெசிஃபிக் ஹீட், கிலோவுக்கு டிகிரிக்கு 0.8 கிலோ ஜூல்னு எடுத்துக்கறேன் (ரூம் டெம்பரேச்சர்ல 0.718, சூடாக ஆக கூடும், தெர்மோ மேடம் கோவிச்சுக்காதீங்க). பெருக்கினா 97 கோடி ஜூல். ரவுண்டா 100 கோடி ஜூல்னு வெச்சுக்குவோம்.

ஒரு யூனிட் கரன்ட்டுங்கிறது 36 லட்சம் ஜூல். வகுத்தா... டண்டடாய்ங்! ஒரு ஃபயர்பால் = சுமார் 280 யூனிட்.

அவ்ளோதானா?! அவ்ளோதான். ஃபேன், ஃப்ரிட்ஜ், டி.வி. ஓடுற ஒரு சின்னக் குடும்பத்தோட ரெண்டு மாச ரீடிங். சமையல் கேஸ்ல சொன்னா 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றரை. பெட்ரோல்னா 30 லிட்டர் சொச்சம். டிராகனையே ஓட விடுற மந்திரத்தை நம்ம பக்கத்துத் தெரு பங்க்ல கேன்ல வாங்கிடலாம்ங்கிற மாதிரி இருக்கா?

அங்கதான் மேட்டரே. எனர்ஜி வேற, பவர் வேற. ஃபர்ஸ்ட் இயர்ல எழுதி, பத்து மார்க் வாங்கி, மறந்துட்டோமே... அதே மேட்டர். ரெண்டு மாசம் சொட்டுச் சொட்டா செலவாகுற 280 யூனிட்டை மந்திரவாதி ஒரே செகண்டுல கொட்டுறார். 100 கோடி ஜூல், ஒரு செகண்ட். அதாவது 1,000 மெகாவாட். கூடங்குளத்துல ஒரு ரியாக்டரோட கரன்ட் உற்பத்தித் திறனே 1,000 மெகாவாட்தான்! அந்த ஒரு செகண்டுக்கு அந்த ஒல்லி தாடிக்காரர் கூடங்குளம். அடுத்த செகண்டு மறுபடி ஒல்லி தாடிக்காரர். பயமுறுத்துறது எவ்வளவு இருக்குங்கிறது இல்ல, எவ்வளவு வேகமா வருதுங்கிறது.

இதுல ஒரு காமெடியும் இருக்கு. அதே புத்தகம், இந்த வெடிப்பால அழுத்தமே பெருசா வராதுனும் சொல்லுது. மூடின ரூம்ல காத்தை 1,085 டிகிரிக்கு ஏத்தினா அழுத்தம் நாலரை மடங்கு ஆகும்னு ஐடியல் கேஸ் ஈக்குவேஷன் கதறுது. கண்டுக்காம விட்டுடுவோம்.

இப்ப அடுத்த கேள்வி. இந்த 100 கோடி ஜூல் எங்கேருந்து வருது? மந்திரவாதியோட உடம்புலேருந்தா? நாம ஒரு நாளைக்குச் சாப்பிடுறது சுமார் 2,500 கிலோ கலோரி. அதாவது ஒரு கோடி ஜூலை விடக் கொஞ்சம் ஜாஸ்தி. ஆக, ஒரு ஃபயர்பாலுக்கு மூணு மாசச் சாப்பாடு! ஒரு இட்லிக்கு 50 கிலோ கலோரினு கணக்குப் போட்டா 4,800 இட்லி. சட்னி தனி. உடம்புக் கொழுப்பை எரிச்சா 27 கிலோ போச்சு. ரெண்டு ஃபயர்பால் போட்டா மந்திரவாதி எலும்புக்கூடா நிப்பார். ஆனா கேம்ல அவர் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து, பல்லு விளக்கிட்டு மறுபடி போடுறார். உடம்பு இல்லைங்கிறது கன்ஃபர்ம்.

உடம்புதான்னு தைரியமா சொன்ன ஆட்டமும் ஒண்ணு இருக்கு. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1986-ல வெளியிட்ட 'கர்ப்ஸ்'. அதுல மந்திரம் போட்டா களைப்புப் பாயின்ட் குறையும். ஓட்டப்பந்தயம் ஓடினா குறையுதே, அதே பாயின்ட். பத்து நிமிஷம் சும்மா உக்காந்தா ஒரு பாயின்ட் திரும்ப வரும். சும்மா உக்காந்திருக்கிற மனுஷன் சுமார் 100 வாட் பல்புக்குச் சமம். பத்து நிமிஷம்னா 60,000 ஜூல். ஒரு டம்ளர் டீக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற சூடு! அதுல மூணு பாயின்ட் செலவழிச்சு நெருப்பு உருண்டை எறிஞ்சா 1,80,000 ஜூல். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் பெட்ரோல். ஒருத்தர் சட்டை பத்திக்கும், ரெண்டு பேர் அலறுவாங்க, ஹாஸ்டல் ஃப்ளோர் அப்படியே இருக்கும். மனுஷனால தாங்குற மந்திரம்னா இவ்வளவுதான்! எனக்கு என்னமோ இந்த ஆட்டத்து மேல தனி மரியாதை. கணக்கு டாலி ஆகுதே.

டி அண்ட் டி-யில ஏன் டாலி ஆகலை? ஏன்னா அங்க ஆரம்பத்துலேருந்தே டேங்க்னு ஒண்ணு கிடையாது. ஜாக் வான்ஸ்ங்கிற எழுத்தாளர் 1950-ல 'தி டையிங் எர்த்'னு ஒரு புத்தகம் எழுதினார். அதுல மந்திரவாதிங்க நம்மள மாதிரியே மந்திரத்தை மக்கப் அடிப்பாங்க. ஒரு தடவை சொன்னதும் மூளையிலேருந்து அழிஞ்சுடும். (எக்ஸாம் ஹால்லேருந்து வெளிய வந்த ஃபீலிங்!) கைகாக்ஸ் அந்த ஐடியாவை அப்படியே தூக்கிட்டு வந்தார். ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம், அவ்வளவுதான். ஜூல் பத்தி யாரும் பேசலை.

அப்புறம் 2014-ல வந்த டன்ஜன் மாஸ்டர் கைடுல, வேணும்னா பாயின்ட் முறையில விளையாடிக்கோங்கனு ஒரு சாய்ஸ் குடுத்தாங்க. மூணாம் லெவல் மந்திரம் ஒண்ணுக்கு 5 பாயின்ட். ஃபயர்பால் மூணாம் லெவல். சூப்பர், 100 கோடியை அஞ்சால வகுத்தா ஒரு பாயின்ட்டுக்கு 20 கோடி ஜூல்! மானாவுக்கு யூனிட் கண்டுபிடிச்சாச்சு, நோபல் எங்கே?

பொறுங்க. 'ஃப்ளை'னு இன்னொரு மந்திரம் இருக்கு. ஒருத்தரைப் பத்து நிமிஷம் பறக்க வைக்கும். அதுவும் மூணாம் லெவல், அதுக்கும் அதே 5 பாயின்ட். 70 கிலோ ஆளை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆகும்? வெறும் 70,000 ஜூல் கூட இல்ல! அதே காசுக்கு ஒரு கடையில 100 கோடி, இன்னொரு கடையில 70,000. பதினாலாயிரம் மடங்கு வித்தியாசம். இப்படி ஒரு எக்ஸ்சேஞ்ச் ரேட் எந்த ஊர்லயும் கிடையாது.

இங்கதான் எனக்கு பல்பு எரிஞ்சுது. மானா ஜூல் இல்ல பாஸ், மானா ரூபாய்! அந்த 5 பாயின்ட்ங்கிறது எவ்வளவு எனர்ஜி செலவாச்சுனு காட்டுற மீட்டர் ரீடிங் கிடையாது. ஆடுறவங்க இதுக்கு எவ்வளவு ஆசைப்படுவாங்கனு பார்த்து ஒட்டின விலைச்சீட்டு. பத்து பேரைப் பொசுக்குறதும் பள்ளத்தைத் தாண்டிப் பறக்கிறதும் ஒரு சண்டையில ஒரே அளவுக்கு உதவும், அதனால ஒரே விலை. பௌதிகம் படிச்சவங்க கத்தலாம், ஆனா ஆட்டம் நல்லா ஓடும்.

விலைச்சீட்டு தப்பாப் போற இடம் ஒண்ணு இருக்கு. அது ஃபயர்பால் இல்ல. ஒரு சொம்பு!

'டெகான்டர் ஆஃப் எண்ட்லெஸ் வாட்டர்'. தமிழ்ல வத்தாத குடுவைனு வெச்சுக்கலாம். மூன்றரையாம் பதிப்புல 9,000 தங்கக் காசு. மூடியைத் திறந்து மந்திர வார்த்தையைச் சொன்னா தண்ணி பீச்சி அடிக்கும். ஆறு செகண்டுக்கு 30 காலன். நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிக்காது. இதை யாரும் மதிக்க மாட்டாங்க. பாலைவனத்துல குடிக்க, நெருப்பு அணைக்க, அவ்வளவுதான்.

இப்ப கால்குலேட்டரை எடுங்க. 30 காலன் 113 லிட்டர் சொச்சம். செகண்டுக்கு 18.9 லிட்டர். அதை 100 மீட்டர் உயரத்துல ஒரு பாறை மேல வெச்சு, பைப் போட்டுக் கீழே டர்பைன் வைங்க. 18.9 இன்டு 9.8 இன்டு 100... பதினெட்டரை கிலோவாட். கூடங்குளம் முன்னாடி கொசு! ஆனா குடுவை தூங்காது. 24 மணி நேரத்துக்கு 445 யூனிட். டர்பைன், ஜெனரேட்டர்ல போற நஷ்டத்தைக் கழிச்சு 85 சதவிகிதம் வந்தாலும் 378 யூனிட் கரன்ட்.

ஃபயர்பால்ல 280 யூனிட்டும் வெறும் சூடு. அதைக் கரன்ட்டா மாத்த பாய்லர், ஸ்டீம் டர்பைன்னு போனா மூணுல ஒரு பங்கு தேறும். 93 யூனிட். தினம் நாலு ஃபயர்பால் போடுற மந்திரவாதியை அந்தச் சொம்பு ஓரமா உக்காந்தபடியே ஜெயிக்குது. 1,000 மெகாவாட்டை 18 கிலோவாட் ஜெயிக்குது! வருஷம் முழுக்க ஓடினா 1,38,000 யூனிட். சம்பளம் இல்ல, சாப்பாடு இல்ல, லீவு இல்ல.

கரன்ட்டை விடுங்க, தண்ணிக் கணக்கைப் பாருங்க. ஒரு நாளைக்கு 16 லட்சத்து 30,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில 136 லோடு! நம்ம நாட்டு நகரங்கள்ல ஆளுக்கு 135 லிட்டர்னு வெச்சிருக்கிற கணக்குப்படி 12,000 பேருக்குத் தினமும் தண்ணி. 2019 கோடையில சென்னையில குடத்தோட லாரிக்குக் காத்திருந்தவங்களுக்கு ஃபயர்பால் வேணுமா, குடுவை வேணுமானு கேட்டுப் பாருங்க. கேம்ல மட்டும் பசங்க ஃபயர்பாலுக்குத்தான் விசில் அடிக்கிறாங்க.

'ஆட்டத்தை ஆட்டமா பாருடா'னு நீங்க சொல்றது கேக்குது. கம்பெனியும் அதையேதான் சொல்லுது. 2,280 விவசாயிகளை வரிசையா நிக்க வெச்சு, ஒரு கம்பை ஆறு செகண்டுக்குள்ள கைமாத்திக் கைமாத்தி விட்டா, விதிப்படி அது மூன்றரை கிலோமீட்டர் தாண்டிடும். செகண்டுக்கு 580 மீட்டர். சத்தத்தை விட வேகம்! இது ரசிகர்கள் மத்தியில ரொம்ப ஃபேமஸான பழைய ஜோக். 2024-ல வந்த புது டன்ஜன் மாஸ்டர் கைடு, ஆட்ட விதிகள் பௌதிக விதிகள் இல்லைனு சொல்லி, இந்த மாதிரி வரிசை டெக்னிக்குக்கு ஓப்பனா தடா போட்டுடுச்சு. விவசாயிங்க விஷயத்துல அது கரெக்ட். அது விதியில இருக்கிற ஓட்டை, அவ்வளவுதான். ஆனா குடுவை ஓட்டை இல்லையே? அது புத்தகத்துல சொன்னபடி ஒழுங்காத்தானே வேலை செய்யுது? தண்ணி கீழே விழுந்தா சக்கரம் சுத்தும். இதைத் தடுக்கணும்னா அந்த உலகத்துல புவியீர்ப்பையே தடை பண்ணணும்.

இதை உண்மையிலேயே யோசிச்சவங்க உண்டு. 2004-ல கீத் பேக்கர் உருவாக்கி வெளிவந்த 'எபரான்' உலகத்துல மந்திரம்தான் இண்டஸ்ட்ரி. மந்திரத் தெருவிளக்கு, மந்திர ரயில் எல்லாம் இருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடியே, 1969-ல, லாரி நிவன் ஒரு சிறுகதையில இதை விட நறுக்குனு யோசிச்சுட்டார். 'நாட் லாங் பிஃபோர் தி எண்ட்'. அதுல ஒரு மந்திரவாதி, ஒரே இடத்துல ரொம்ப வருஷம் இருந்தா தன் சக்தி குறையுது, இடம் மாறினா திரும்ப வருதுனு கவனிக்கிறார். உடனே ஒரு எக்ஸ்பெரிமென்ட். ஒரு உலோகத் தட்டு. அது மேல ரெண்டு மந்திரம். ஒண்ணு அதைச் சுத்த வைக்கும், வேகத்தைக் கூட்டிக்கிட்டே போகும். இன்னொண்ணு அது சிதறாம பிடிச்சுக்கும். தட்டு சுத்துது, சுத்துது, சுத்துது... அந்த ஏரியாவுல இருக்கிற மானா மொத்தமும் தீர்ந்ததும் மந்திரம் நின்னுடுது. மானா நிலத்தடித் தண்ணி மாதிரி, நிலக்கரி மாதிரி, எடுத்தா தீரும்! பெட்ரோல் நெருக்கடி வந்தது 1973-ல. இவர் அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே மானாவுக்குப் போர்வெல் போட்டு, அது வத்துறதையும் எழுதிட்டார். பசிபிக் தீவு வார்த்தை, தீர்ந்துபோற எரிபொருளா மாறினதுல இந்தக் கதைக்குப் பெரிய பங்கு உண்டு.

குடுவைக்கு இந்தக் கேள்வியை யாரும் கேக்கிறதில்ல. அந்தத் தண்ணி எங்கேருந்து வருது? புதுசா 'உருவாகுது'னு சொன்னீங்கன்னா மாட்டினீங்க. செகண்டுக்கு 18.9 கிலோ பொருளைச் சூன்யத்துலேருந்து உருவாக்கணும்னா, ஐன்ஸ்டைன் கணக்குப்படி ஆகுற பவர், உலகம் முழுக்க மனுஷங்க இப்ப செலவழிக்கிற மொத்த பவரைப் போல 80,000 மடங்குக்கு மேல! ஒரு சொம்புக்கு! அதனால ஆடுறவங்க வழக்கமா சொல்ற சமாதானம், குடுவைக்குள்ள ஒரு கதவு இருக்கு, அது முழுக்கத் தண்ணியாலேயே ஆன இன்னொரு உலகத்துக்குத் திறக்குதுங்கிறது. டி அண்ட் டி-யில அப்படி ஒரு உலகமும் இருக்கு. ஆக, சொம்பு ஒரு பைப். பைப்புக்கு ரெண்டு முனை உண்டு.

எங்க ஹாஸ்டல்ல சனிக்கிழமை ராத்திரி அஞ்சு பேர் விளையாடுறோம். போன மாசம் எங்க பார்ட்டி ஒரு வறண்ட ஊருக்குப் போச்சு. கையில குடுவை. ட்ரிபிள் ஈ படிக்கிறவன் பேப்பரை எடுத்து டர்பைன் வரைய ஆரம்பிச்சுட்டான். மலை உச்சியில தொட்டி, கீழே வாய்க்கால், ஊருக்கே விளக்கு. எல்லாரும் டன்ஜன் மாஸ்டர் மூஞ்சியைப் பார்த்தோம். 'விதி பௌதிகம் இல்ல'னு ஒரே வரியில மூடியிருக்கலாம். மூடலை. "கட்டுங்கடா, வேலை செய்யும்"னான். கட்டினோம். கதைப்படி ரெண்டு வருஷம் விளக்கு எரிஞ்சுது, வயல் பச்சையாச்சு, ஊரே எங்களைத் தூக்கி வெச்சுக் கொண்டாடுச்சு.

நான் உக்காந்து அவனுக்குக் கணக்குப் போட்டுக் குடுத்தேன். ரெண்டு வருஷத்துல சுமார் 119 கோடி லிட்டர். அவன் அதைப் பார்த்து ரொம்ப நேரம் பேசலை. அடுத்த சனிக்கிழமை ஆட்டம் ஆரம்பிச்சதும், அந்த ஊர் வாசல்ல ஒரு கிழவி வந்து நிக்கிறானு சொன்னான். பேச்சு புரியாத ஊர்க்காரி. உடம்புல மீன் செதில், உதடு வெடிச்சிருக்கு. கையில ஒரு காலிக் குடம். குடுவை எங்கேனு சைகையில கேக்குறா.

ட்ரிபிள் ஈ பையன் உடனே, "மூடிடலாம்டா"னான். கீழே ஊர்ல ஆயிரம் பேர் அந்தத் தண்ணியை நம்பி விதைச்சிருக்காங்கனு இன்னொருத்தன். பாதித் தண்ணிக்கு வால்வு போட முடியுமானு நான். புத்தகத்துல நிறுத்துற வார்த்தைக்கு ரூல் இருக்கு. அந்தக் கிழவிக்கு ரூல் இல்ல. ஃபயர்பால் வெச்சிருக்கிறவன் மூலையில சும்மா உக்காந்திருந்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டன் வந்து லைட்டை அணைக்கச் சொல்லிட்டார். இந்த சனிக்கிழமை முடிவு பண்ணணும்.